வளர்ச்சிக்கு ஒரு அளவு சொல்லுங்கள்: திட்டம் வகுப்பவர்களுக்கு கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாநிலத்தின் வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு,

சூளகிரி பக்கம் எங்கள் ஊர் நிலங்களைத் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு எடுக்கப் போவதாக, தொழிலுக்கு நிலம் எடுக்கும் மாநிலச் சட்டத்தின் 3(2) பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று கூப்பிட்டார்கள், போனோம். எழுதிக்கொண்டு போன மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அங்கிருந்த அதிகாரி ஒருவர், "நாடு வளர வேண்டாமா? வளரணும்னா யாராவது கொடுத்துத்தான் ஆகணும்" என்றார். அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் கையில் இருப்பது சர்வே எண்களும் ஒரு வரைபடமும் மட்டும்தான். எங்கள் நிலத்தை எடுப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படும் அந்த வளர்ச்சி, எவ்வளவு சதவீதம், எந்த வருடத்துக்குள், எதற்காக என்பதெல்லாம் தீர்மானமாவது உங்கள் மேசையில். கேட்க வேண்டியதை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நோட்டீசில் எங்கள் நிலம் தரிசு என்று இருக்கிறது. பார்க்க வந்தது பங்குனியில். பங்குனியில் வந்து பார்த்தால் இந்தப் பக்கத்து மானாவாரி நிலம் அத்தனையும் தரிசாகத்தான் தெரியும். ஆடி, ஆவணியில் மழையைப் பார்த்து ராகி விதைப்போம், நடுவில் அவரையும் துவரையும் சால் விடுவோம், வரப்போரம் ஆமணக்கு நிற்கும். கார்த்திகை, மார்கழியில் ராகி அறுத்த பிறகும் தை வரைக்கும் அவரைக்காய் பறிப்போம், அப்புறம் அந்த நிலத்தில் மாடு மேயும். ராகித் தாளைப் போர் போட்டு வைத்தால் அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் ஆச்சு. அந்த மாடு கறக்கும் பாலுக்குச் சொசைட்டியில் வரும் காசில்தான் எங்கள் வீட்டு மளிகையும் பிள்ளைகளின் பஸ் செலவும் ஓடுகிறது. மேட்டுப் பக்கம் என் மாமனார் வைத்த மாமரங்கள் நிற்கின்றன, அதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. வருடத்தில் ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டு பதினொரு மாத உழைப்பைத் தரிசு என்று எழுதுவது எங்களுக்கு ஏற்க முடியாதது. ஆனால் அதை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டால் என் குறை தீர்ந்துவிடாது. தரிசு என்று எழுதத் தூண்டியது எது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டை 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் ஆக்குவது என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. 2024-25ல் மாநிலத்தின் வளர்ச்சி விகிதம் 11.19 சதவீதம் என்று கணக்கு வந்தது, எல்லாரும் கொண்டாடினார்கள். ஒன்றிய அரசுக்கு 2047ல் வளர்ந்த நாடு என்று ஒரு இலக்கு. சரி, 2030ல் ஒரு டிரில்லியன் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்த வருடம் என்ன செய்வீர்கள்? இரண்டு டிரில்லியன் என்று ஒரு இலக்கு வைப்பீர்கள். அது வந்ததும் நாலு. எங்கே நிறுத்துவீர்கள், எது வந்தால் போதும் என்று சொல்வீர்கள் என்று எனக்குக் கிடைத்த எந்தக் கொள்கை அறிக்கையிலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டுவட்டிக் கணக்குதான் இது. வருடம் 7 சதவீதம் வளர்ந்தால் பத்து வருடத்தில் பொருளாதாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், முப்பது வருடத்தில் ஏழரை மடங்குக்கும் மேல், ஐம்பது வருடத்தில் ஏறக்குறைய 29 மடங்கு, நூறு வருடம் அப்படியே போனால் 860 மடங்குக்கும் மேல். இதில் பாதி வேகம் என்றாலும் எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கணக்கு எங்கேயோ போய் நிற்கிறது. ஆனால் தென்பெண்ணை இரட்டிப்பாகாது. கிருஷ்ணகிரி அணை ஐம்பதுகளில் கட்டி முடித்தபோது இருந்ததைவிட இன்று கூடுதல் தண்ணீர் பிடிக்காது, வண்டல் சேர்ந்து குறையத்தான் செய்யும். மேலகிரிக் காடு இரண்டு மேலகிரிக் காடு ஆகாது.

இதற்கு உங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். வளர்ச்சி என்றால் எல்லாமே நிலமும் நீரும் தின்னும் வளர்ச்சி இல்லை, சாஃப்ட்வேர் இருக்கிறது, சேவைத் துறை இருக்கிறது, குறைந்த பொருளில் அதிக மதிப்பு உண்டாக்கலாம் என்பீர்கள். அந்தப் பதிலை நாங்கள் தினமும் நேரில் பார்க்கிறோம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. பெங்களூரு வளர்ந்தது சாஃப்ட்வேரில்தான். அந்த வேலை பார்க்க வந்தவர்களுக்கு வீடு வேண்டும், குடிக்கக் குளிக்கத் தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை மேடேற்றிக் கொண்டுவந்தும் பற்றாமல், 2024 மார்ச்சில் அந்த நகரத்தின் அரசு போர்வெல்கள் சுமார் 13,900ல் 6,900 வறண்டு போயின. அந்த நகரத்தின் கழிவு பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. மதகு திறந்தால் நுரை பாலத்து உயரத்துக்கு எழும்பி வண்டி போகவிடாமல் ரோட்டை மூடுவதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதை மூக்கால் பார்த்தவர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். பெங்களூருவின் உற்பத்தி கர்நாடகத்தின் கணக்கில் வரவாகிறது, நுரை எங்கள் கணக்கில்கூட இல்லை, ஏனென்றால் நுரைக்குக் கணக்கே இல்லை.

கணக்கில் எது வருகிறது, எது வருவதில்லை என்பதைப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் கிரானைட் மலைகளை அறுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அறுத்த கல்லுக்கு வந்த பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகிறது. மலை போனது கழிக்கப்படுவதில்லை. ஒரு மலை இருந்தால் அதன் அடிவாரத்தில் ஊற்று இருக்கும், ஊற்றிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஏரி, ஏரி நிறைந்தால் சுற்றியிருக்கும் கிணறுகளில் தண்ணீர் ஏறும். இது ஒன்றுக்கும் ரசீது கிடையாது என்பதால் இது கணக்கில் இல்லை. ஏரி வற்றி போர் போடும்போது கணக்கு ஆரம்பிக்கிறது: போர் வண்டிக்கு அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப், மோட்டார், அது வற்றினால் டேங்கர் லாரி, அதுவும் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர். ஒவ்வொரு படியிலும் எங்கள் கை காலியாகிறது, ஒவ்வொரு படியிலும் மாவட்டம் வளர்ந்ததாகக் காட்டுகிறது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பாறைக்குள் ஆழமாகப் போகப் போக ஃப்ளோரைடு கலந்த தண்ணீர் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல் பழுப்பேறிய பிள்ளைகளையும், மூட்டு இறுகி முதுகு வளைந்து, திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டிய பெரியவர்களையும் நீங்கள் பல ஊர்களில் பார்க்கலாம். என் அத்தை அப்படித்தான் இருந்தார், குனிந்து கோலம் போட முடியாமல் போனது அவருக்குப் பெரிய துக்கம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013லிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அந்தத் திட்டத்துக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன், அது உயிர் காக்கும் திட்டம். ஆனால் பாருங்கள், நிலத்தடி நீரை உறிஞ்சியபோதும் வளர்ச்சி, அதனால் வந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தபோதும் வளர்ச்சி, நல்ல தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தபோதும் வளர்ச்சி. மூன்றையும் ஒரே கூட்டலில் போட்டுவிட்டு விகிதம் பார்ப்பதில் என்ன தெரியும்?

இது நான் கண்டுபிடித்த குறை இல்லை. தேசிய வருமானத்தை அளக்கும் முறையை அமெரிக்காவுக்கு உருவாக்கிக் கொடுத்த சைமன் குஸ்னெட்ஸ், 1934லேயே அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலத்தை முடிவு செய்ய முடியாது என்று எழுதி வைத்தார். 1962ல் மறுபடியும், வளர்ச்சி வேண்டும் என்கிறவர்கள் எதில் வளர்ச்சி, எதற்காக வளர்ச்சி என்று சொல்ல வேண்டும் என்றார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர் அவர். இப்போது 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறையில், தோண்டித் தீர்க்கும் இயற்கை வளத்தை உற்பத்திச் செலவாகக் கருதி நிகர உற்பத்தியிலிருந்து கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உலகம் மெதுவாகவாவது அந்தப் பக்கம் நகர்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு அப்படி ஒரு கழித்தல் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வளர்ச்சியால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். எழுபதுகளில் ஓசூரில் தொழிற்பேட்டை வந்திருக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பம் இன்றும் கூலிக்கு அலைந்துகொண்டிருக்கும். முதல் தலைமுறையாகக் கம்பெனி வேலைக்குப் போய், பி.எஃப். பிடித்தம், போனஸ் என்று வாழ்ந்து, ஓய்வு பெற்று, வீடு கட்டி, பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளித்த ஊர்களில் இன்று பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், கையில் சொந்தக் காசு இருக்கிறது, கல்யாணத்தைத் தள்ளிப்போட வீட்டில் பேச முடிகிறது. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஏழை நாடு வளரத்தான் வேண்டும், ஏழை மாவட்டமும் வளரத்தான் வேண்டும். தருமபுரியிலிருந்து இன்றைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களிடம் போய், போதும் நில் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே வேலை இப்போது என்ன வேலையாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். என் தம்பி மகள் செல்போன் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். காண்ட்ராக்ட். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும், ஹாஸ்டலில் தங்கல், சில வருடத்தில் கண்ணும் முதுகும் கெட்டுவிடும், அப்புறம் அந்த இடத்துக்கு இன்னொரு இருபது வயதுப் பெண். முன்பு ஒரு முறை பக்கத்து ஊரில் நிலம் எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு இருந்தது. நிலம் கொடுத்தவர் கேட்டில் செக்யூரிட்டி, அவர் மனைவி உள்ளே ஹவுஸ்கீப்பிங், இரண்டும் ஒப்பந்ததாரர் வழியாக. நிலம் இல்லாத கூலிக்காரர்களுக்கும், ஏரிக்கரையில் ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் அதுவும் இல்லை, அவர்கள் பெயரில் பட்டா இல்லையே. 2023 ஏப்ரலில் முதலீடு வர வேண்டும் என்பதற்காக 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், எதிர்ப்பு வந்து மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் மக்கள் நன்றாக இருப்பதற்காக வளர்ச்சி என்று ஆரம்பித்து, வளர்ச்சிக்காக மக்கள் 12 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற இடத்துக்கு எப்படி வந்தோம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

அளவு பெருகினால் வாழ்வு தானாகப் பெருகும் என்ற நம்பிக்கை விவசாயத்திலும் எங்களைக் கெடுத்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். வருடா வருடம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடத்துகிறோம். உற்பத்தியைக் கூட்டு, அடர்நடவு போடு என்று சொன்னார்கள், போட்டவர்கள் போட்டார்கள். 2025ல் காய்ப்புக்குக் குறைவில்லை. பெங்களூரா மாங்காய் கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கியது. மாங்கூழ் தொழிற்சாலைகளில் முந்தைய வருடத்துக் கூழே விற்காமல் கிடக்கிறது என்றார்கள், சித்தூர் பக்கம் வெளிமாநிலக் காய் உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். டிராக்டரிலேயே காய் பழுத்து, பழுத்தது அழுகி, டிரெய்லர் இடுக்கு வழியாகச் சாறு ஒழுகி ரோட்டில் ஈ மொய்த்தது. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் விலையைவிட அதிகம் என்பதால் நிறைய பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள், நாங்களும் ஒரு பக்கத்துத் தோப்பை விட்டோம். அந்த வருடம் எடை போட்டால் விளைச்சல் வளர்ந்திருக்கும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கும் இதே கதை பல தடவை நடந்திருக்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் அதிகக் காய் இல்லை. ஒரு நியாயமான விலை, சேர்த்து வைக்க ஒரு இடம், பலவகைப் பயிர் செய்ய ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலாவது கடன். 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் ஏறக்குறைய 9 லட்சத்து 30 ஆயிரம் கோடி ரூபாயாக இருக்கும் என்று பட்ஜெட்டில் மதிப்பிட்டார்கள். வளர்ந்துகொண்டே இருந்தால்தான் வட்டி கட்ட முடியும், நின்றால் கவிழ்ந்துவிடும் என்பது வலுவான வாதம்தான். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வட்டி கட்டுவதற்காக வளர வேண்டும், வளர்வதற்காக மறுபடி கடன் வாங்கி ரோடும் தொழிற்பேட்டையும் போட வேண்டும் என்றால், இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு வழியையும் திட்டம் வகுப்பவர்கள்தானே சொல்ல வேண்டும்? எந்தக் கடன் எதற்கு வாங்கியது, அது திரும்பக் கொடுத்தது என்ன என்று மாவட்டவாரியாக எங்கள் முன் வையுங்கள். இரண்டாவது வேலை. எல்லாருக்கும் வேலை கொடுக்க வளர்ச்சி வேண்டும் என்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைக்கும் குறைவாகத்தான் பிறக்கிறது, மக்கள்தொகை அப்படியே நிற்கக்கூட 2.1 வேண்டும். வரும் தலைமுறையில் வேலை தேடுகிறவர்கள் குறையப் போகிறார்கள், வயதானவர்கள் கூடப் போகிறார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கே பாதி வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியது பக்கத்திலேயே ஒரு நல்ல ஆஸ்பத்திரி, சோறு போட ஒரு ஏற்பாடு, கவனிக்க ஆள். இன்னொரு ஆயிரம் ஏக்கர் தொழிற்பேட்டை அந்தக் குறையைத் தீர்க்காது. வீட்டில் பெரியவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்களின் உழைப்பு உங்கள் மொத்த உற்பத்தியில் ஒரு ரூபாயாகக்கூட ஏறுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக, வளர்ச்சி நின்ற நாடு என்ன ஆகும் என்று பயமுறுத்துவார்கள். ஜப்பானைப் பாருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே வளர்ச்சி மிக மெதுவாகத்தான் போகிறது. அந்த நாட்டுக்குப் பிரச்சனை இல்லாமல் இல்லை, அரசுக் கடன் அவர்களுடைய ஒரு வருட உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சம்பளம் வெகுகாலம் உயரவே இல்லை. ஆனாலும் சராசரி ஆயுள் 84 வயதையொட்டி இருக்கிறது, வேலையின்மை 3 சதவீதத்துக்குக் கீழே, ரயில் நேரத்துக்கு வருகிறது, நமக்கு ஒகேனக்கல் திட்டத்துக்குக் கடன் கொடுத்ததும் அந்த வளராத நாடுதான். அவர்கள் முதலிலேயே பணக்காரர்கள் ஆகிவிட்டுத்தான் நின்றார்கள் என்பீர்கள். உண்மை. அதனால்தான் நானும் இன்றைக்கே நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று இன்றைக்கே சொல்லுங்கள் என்கிறேன். அது தெரிந்தால்தான் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று எங்களாலும் முடிவு செய்ய முடியும்.

நல்ல காரியம் எதற்கும் வளர்ச்சி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. காமராசர் 1956ல் மதிய உணவு ஆரம்பித்தபோது இது பணக்கார மாநிலம் இல்லை. முதலில் வளர்வோம், அப்புறம் சோறு போடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் எங்கள் அப்பா தலைமுறை பள்ளிக்கூடமே பார்த்திருக்காது. தருமபுரி மாவட்டம் அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அங்கே 1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது பிறக்கும் ஆயிரம் குழந்தையில் நூற்றுக்கும் மேல் ஒரு வயது தாண்டாமல் இறந்தன. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள், இயற்கை விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தார்கள், லம்பாடிப் பெண்களின் பாரம்பரியத் தையல் வேலையை மறுபடி பிழைப்பாக்கினார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. அங்கே பெரிய தொழிற்சாலை எதுவும் வரவில்லை, எட்டு வழிச் சாலையும் போகவில்லை. தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு உழைத்து, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் தங்கிய ஜே.சி. குமரப்பா, இயற்கை திரும்பக் கொடுக்கும் அளவுக்குள் எடுப்பதுதான் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அவர் அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர், லண்டனில் தணிக்கை படித்தவர், கணக்குத் தெரியாமல் பேசியவர் இல்லை. சிட்லிங்கியைப் போய்ப் பார்க்கும்போது அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் எங்கள் பக்கம் நடப்பது வேறு. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் 2023ல் விளைநிலத்தை எடுக்காதே என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2018ல் சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கு ஊத்தங்கரை, அரூர் பக்கமெல்லாம் கல் நட்டார்கள், 2019ல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது, அந்த ஊர்க்காரர்கள் இன்னும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் வருடம் 3 கோடிப் பயணிகள் வரும் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், அது எந்த ஊர் என்று ஊர் ஊராகப் பயந்துகொண்டிருந்தோம். இதற்கு நடுவில் 2023ல் நில ஒருங்கிணைப்புச் சிறப்புத் திட்டச் சட்டம் வந்தது, பெரிய திட்டத்துக்கு நடுவில் ஏரியோ ஓடையோ வந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம். எங்கள் ஊர் ஏரி நோட்டீசில் வெறும் புறம்போக்காக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். வரவுக் கால்வாயும் மதகும் உள்ள ஏரி அது, போன ஐப்பசியில் நிரம்பிக் கோடி போனது.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறேன். அடுத்த வளர்ச்சித் திட்டத்தில், எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், எதில் வளர்ச்சி, யாருக்கு, எந்த அளவு வரை என்பதை எழுதுங்கள். சத்துக் குறைவில்லாத குழந்தைகள், ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர், அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஆஸ்பத்திரி, நிரந்தர வேலை, காய்க்கு விலை, இவற்றுக்கெல்லாம் எட்ட வேண்டிய அளவை வைத்து, அதை எட்டினோமா என்று வருடா வருடம் சட்டமன்றத்தில் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் நிலம், நிலத்தடி நீர், மலை, ஏரி இவற்றில் இழந்தது எவ்வளவு என்ற கணக்கை மாவட்ட உற்பத்திக் கணக்கோடு சேர்த்து வெளியிடுங்கள். ஏற்கெனவே தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலத்தில் எவ்வளவு இன்னும் காலியாகக் கிடக்கிறது, எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, அதில் நிலம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற வெள்ளை அறிக்கை வரும் வரைக்கும் இந்த இரண்டு மாவட்டத்திலும் புதிதாக ஒரு ஏக்கர் விளைநிலத்தைக்கூட எடுக்கக் கூடாது. மானாவாரி நிலத்தை ஆடியிலிருந்து தை வரைக்கும் உள்ள பயிர்க்காலத்தில் வந்து பார்க்காமல் தரிசு என்று பதியக் கூடாது. நீர்நிலைகளை 2023 சட்டத்திலிருந்து முழுமையாக விலக்குங்கள்.

எங்கள் ஊர் நோட்டீசைப் பொறுத்தவரை, ஆடி, ஆவணியில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம், கார்த்திகையில் கதிர் நிற்கும்போது உங்களில் ஒருவராவது நேரில் வாருங்கள். வந்து பார்த்த பிறகு இந்த நிலம் எதற்காக, எந்தக் கணக்கில் தேவைப்படுகிறது என்று ஊர் மந்தையில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அதுவரை 3(2) நடவடிக்கையை நிறுத்தி வைத்து, அதை எழுத்து மூலம் எங்கள் ஊராட்சிக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சூளகிரி வட்டத்து விவசாயி ஒருத்தி